பாடுகிறவரைத் தெரியும்... பக்கத்தில் இருப்பவரை?

நேற்று மாலை உங்கள் ஊர் சபாவில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு வந்தீர்கள் என்று வைத்துக் கொள்வோம். காலையில் பால் வாங்க வாசலுக்கு வந்தால், எதிர் வீட்டு மாமி கேட்கிறார்: "நேத்து யாரு கச்சேரி?" பாடினவர் பெயரைச் சட்டென்று சொல்லி விடுவீர்கள். என்ன புடவை, எந்தக் கலர் பார்டர் என்பதையும் சேர்த்தே சொல்லுவீர்கள். "வயலின் யாரு? மிருதங்கம் யாரு?" என்று அடுத்த கேள்வி வந்தால்? "யாரோ ஒரு பையன்... நன்னாத்தான் வாசிச்சான்!" நம்மில் முக்கால்வாசிப் பேரின் பதில் இதுதான், இல்லையா?

இரண்டரை மணி நேரம் கண்ணெதிரே உட்கார்ந்து உழைத்தவர், நமக்கு 'யாரோ ஒரு பையன்'!

நான் பெரிய சங்கீத ஞானம் உள்ளவள் இல்லை. சிறு வயதில் நான்கைந்து வர்ணம் கற்றுக் கொண்டதோடு சரி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்யாணம், குழந்தைகள், சமையற்கட்டு. ஆனால் என் கணவர் எங்கள் பகுதியில் உள்ள சிறிய சபா ஒன்றின் கமிட்டியில் இருக்கிறார். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கச்சேரி. கோவில் மண்டபம்தான் அரங்கம். ஹோட்டலில் ரூம் போட்டுக் கொடுக்கும் அளவுக்கு எங்கள் சபாவுக்கு வசதி கிடையாது. அதனால் வெளியூரிலிருந்து வரும் கலைஞர்களுக்கு டிபன், சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான். பதினைந்து வருஷமாக இப்படி நடக்கிறது. சாப்பாடு பரிமாறிக் கொண்டே நான் தெரிந்து கொண்ட விஷயங்கள் ஏராளம். அவற்றைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்ள வந்திருக்கிறேன்.

யார் எங்கே உட்காருகிறார்கள்?

மேடையை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். நடுவில் பாடகர். நம் பார்வைக்கு வலது பக்கம் வயலின். இடது பக்கம் மிருதங்கம். பின்னால் தம்பூரா. கடமோ, கஞ்சிராவோ, மோர்சிங்கோ இருந்தால் மிருதங்கத்தை ஒட்டியோ சற்றுத் தள்ளியோ இடம். இவர்களுக்கு உபபக்கவாத்தியம் என்று பெயர்.

மிருதங்கம் ஏன் எப்போதும் அந்தப் பக்கமே இருக்கிறது? வலது கையால் வாசிக்கும் பக்கத்துக்கு வலந்தலை என்று பெயர். மணி போன்ற நாதம் வருவது அதில்தான். அது சபையைப் பார்த்து இருந்தால்தான் நம் காதில் நன்றாக விழும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் எல்லாம் தலைகீழாகிவிடும். அந்தக் காலத்து மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடது கைக்காரர். அவர் வாசித்தால் மேடையில் இடம் மாற்றிப் போட வேண்டியிருந்தது. இதெல்லாம் தெரிந்து கொண்டு பார்த்தால் மேடை நமக்குப் புதிதாகத் தெரியும்.

வயலின் விஷயமும் சுவாரசியமானது. அது வெளிநாட்டிலிருந்து வந்த வாத்தியம். சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்னால், முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் போன்றவர்கள் அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார்கள். வெள்ளைக்காரர்கள் நின்று கொண்டு மோவாயில் இடுக்கி வாசிக்கிறார்கள். நம்மவர்களோ சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாத்தியத்தின் ஒரு முனையை மார்பிலும் மற்றொரு முனையை வலது பாதத்திலும் சாய்த்து வாசிக்கிறார்கள். கை தாராளமாக மேலும் கீழும் ஓடினால்தானே கமகம் வரும்? அதற்கு வசதியாக அமைத்துக் கொண்ட முறை இது.

ஒத்திகை கிடையாது!

எனக்கு முதலில் ஆச்சரியத்தைக் கொடுத்த விஷயம் இதுதான். பெரும்பாலான கச்சேரிகளில் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதே இல்லை. பாடகர் ஓர் ஊர், வயலின்காரர் ஓர் ஊர், மிருதங்கக்காரர் இன்னோர் ஊர். மேடைக்குப் பின்னால்தான் சந்திப்பே. சுருதி சேர்த்துக் கொள்வார்கள். வர்ணம் எது என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மற்றப் பாட்டெல்லாம் மேடையில்தான் தெரியும்.

நம் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஆறு பேர் சாப்பாட்டுக்கு வந்து நிற்பார்கள். இருக்கிற கறிகாயை வைத்து அரை மணியில் சமைத்துப் போட்டு, "என்ன மாமி, எல்லாம் ரெடியா வெச்சிருந்தேளா!" என்று சொல்ல வைப்போமே, அந்த மாதிரி சாமர்த்தியம் இது. பாடகர் ராகத்தை ஆரம்பித்த இரண்டாவது விநாடியே வயலின்காரர் அது என்ன ராகம் என்று பிடித்துக் கொள்ள வேண்டும். பாடகர் ஆலாபனை செய்யும்போது நிழல் மாதிரி பின்னாலேயே போக வேண்டும். பிறகு தன் முறை வரும்போது, அவர் பாடிய அழகு கெடாமல், அதே சமயம் தன்னுடையதாகவும் வாசிக்க வேண்டும். ஸ்வரம் பாடினால் உடனுக்குடன் பதில் வேண்டும்.

மிருதங்கக்காரர் வேலை தாளம் போடுவது மட்டும் இல்லை. பாட்டின் வார்த்தை எங்கே இழைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி அடக்கியும் நிமிர்த்தியும் வாசிக்கிறார். ஒரு மிருதங்க வித்வான் எங்கள் வீட்டில் காபி குடித்துக் கொண்டே சொன்னார்: "எப்ப வாசிக்கணும்னு கத்துக்க எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சும்மா. எப்ப வாசிக்காம இருக்கணும்னு கத்துக்க இருபது வருஷம் ஆச்சு!"

ரவையும் மண்பானையும்

வாத்தியங்களை நெருங்கிப் பார்த்தால், நம் சமையற்கட்டுச் சாமான் பாதி அங்கே இருக்கிறது! மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன்னால் அதன் நடுவில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அடை மாதிரி ஒட்டுகிறார்கள். 'கும்' என்ற அடிக்கும் நாதம் அதனால்தான் வருகிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்து விடுவார்கள். "மாமி, கொஞ்சம் ரவை கிடைக்குமா?" என்று முதன்முதலாக ஒருவர் கேட்டபோது, உப்புமாவுக்குக் கேட்கிறார் என்று நினைத்து வாணலியை அடுப்பில் வைத்துவிட்டேன்! வலந்தலையின் நடுவில் கறுப்பாகத் தெரிகிறதே, அதிலும் வெந்த சோறு இருக்கிறது. ஒரு வகைக் கறுப்புக் கல்லின் பொடியோடு சோற்றைக் குழைத்து, மெல்லிய மெல்லிய படலமாக ஏற்றித் தேய்க்கிறார்கள்.

கட்டை பலா மரம். இரண்டு முகங்களுக்கும் ஆடு, மாடு, எருமைத் தோல்கள். தோலைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, மூட்டி, நாதம் பேச வைப்பவர்கள் மேடைக்கே வராதவர்கள். அவர்களில் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் உழைப்பு இருந்தது. இவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மேடையில் இருப்பவர் பெயரே நமக்குத் தெரியவில்லை என்றால், இவர்கள் பெயர் எங்கே தெரியப் போகிறது!

கடம் வெறும் பானை என்று நினைத்து விடாதீர்கள். தண்ணீர்ப் பானையை எடுத்துத் தட்டினால் கடம் ஆகிவிடாது. சிவகங்கை மாவட்டம் மானாமதுரைதான் கடத்துக்குப் பேர் போன ஊர். களிமண்ணைப் பிசைந்து, வனைந்து, பச்சையாக இருக்கும்போதே தட்டித் தட்டிச் சுவரைக் கெட்டியாக்கிச் சுடுகிறார்கள். அந்த ஊரில் கடம் செய்வதற்காகவே மீனாட்சி என்ற பெண்மணிக்கு சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒரு கடத்துக்கு ஒரு சுருதிதான். மிருதங்கம் மாதிரி கல்லை வைத்துத் தட்டி ஏற்றி இறக்க முடியாது. அதனால்தான் கடம் வாசிப்பவர்கள் இன்றைக்குப் பாடுபவர் எத்தனை கட்டை சுருதி என்று விசாரித்து, அதற்கு ஏற்ற கடத்தைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கிக் கொண்டு வருவது போல மடியில் வைத்துக் கொண்டு பஸ்ஸில் வருகிறார்கள்.

கஞ்சிரா சின்ன வாத்தியம், அவ்வளவுதான். முன்பு உடும்புத் தோலில் செய்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உடும்பைப் பிடிப்பது குற்றம். இப்போது ஆட்டுத்தோல் முதலியவற்றில் செய்து பார்க்கிறார்கள். வாசிப்பதற்கு முன்னால் உள்பக்கம் தண்ணீர் தெளித்து, தோலைத் தளர்த்தி, நாதத்தை இறக்கிக் கொள்வார்கள். கவனித்துப் பாருங்கள்.

எழுந்திருக்காதீர்கள்!

கச்சேரியின் நடுநாயகமான பாட்டு முடியும் சமயத்தில் பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுத் தாளம் மட்டும் போடுவார். இனி மிருதங்கமும் கடமும் மட்டும்தான். இதுதான் தனி ஆவர்த்தனம். இரண்டு மணி நேரம் பாட்டுக்காகத் தன்னை அடக்கிக் கொண்டு வாசித்தவர், தன் வித்தையைக் காட்டக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம். சில கச்சேரிகளில் அது ஐந்தே நிமிஷம்!

சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் நம் ஜனங்கள் எழுந்திருக்கிறார்கள். கேண்டீனில் கூட்டம் சேருவதற்குள் ஒரு காபி, வீட்டுக்கு ஒரு போன், பக்கத்து ஸீட்டுக்காரியோடு வம்பு. ஒரு இளம் கடக் கலைஞர் என்னிடம் சொன்னார்: "நாங்க நிமிர்ந்து பார்க்கறப்போ பாதி முதுகுதான் தெரியும் மாமி."

தனி புரியவில்லை என்பதுதானே காரணம்? புரிந்து கொள்ள ஒரு எளிய வழி சொல்கிறேன். பாடகர் போடும் தாளத்தை நீங்களும் தொடையில் போட ஆரம்பியுங்கள். முதலில் மிருதங்கம் கொஞ்ச நேரம் வாசிக்கும். கடம் பதில் சொல்லும். மறுபடி மிருதங்கம், மறுபடி கடம். போகப் போக ஒவ்வொருவரின் முறையும் சின்னதாகிக் கொண்டே வரும். இதைக் குறைப்பு என்பார்கள். இரண்டு குழந்தைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போடுவது மாதிரி, 'நீ ஒண்ணு, நான் ஒண்ணு' என்று வேகம் ஏறும். கடைசியில் இருவரும் சேர்ந்து, ஒரே கோர்வையை மூன்று தடவை வாசித்து முடிக்க, பாடகர் விட்ட இடத்தில் சரியாகப் பிடிப்பார். அந்த இடத்தில் உங்கள் கையும் சரியாக விழுந்தால் வரும் பாருங்கள் ஒரு சந்தோஷம்! அப்புறம் நீங்கள் எழுந்திருக்கவே மாட்டீர்கள்.

இலையில் தெரிந்தது

கச்சேரிக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடும் பாடகரை நான் பார்த்ததில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்குள் சாப்பாடு. மூன்று, மூன்றரைக்கு இரண்டு இட்லி அல்லது கொஞ்சம் ரசம் சாதம். அதற்கப்புறம் வெந்நீர்தான். பலர் அன்றைக்குத் தயிரை ஒதுக்குவார்கள். "ஐஸ் தண்ணீர் வேண்டாம், பொரித்தது வேண்டாம், வெந்நீர் மட்டும் ஃபிளாஸ்க்கில் வேண்டும்" என்பது பொதுவாகக் கேட்கும் பேச்சு. ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகும். அதனால் கேட்டுச் செய்வதே நல்லது. நானாக ஆசைப்பட்டுப் பாயசம் வைப்பதெல்லாம் கச்சேரி முடிந்த பிறகுதான்.

தாள வாத்தியக்காரர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு விரல்தான் சொத்து. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. சாப்பிட்டதும் இரண்டு தடவை கழுவித் துடைத்துக் கொள்வார்கள். விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்ச்சிக் கெட்டியாக இருக்கும். இரண்டரை மணி நேரம் காலை மாற்றிப் போடாமல் உட்காருவதால் இடுப்பு வலி, கழுத்து வலி பலருக்கு உண்டு. "யோகாசனம் செய்யாட்டா எங்களால ஒப்பேத்த முடியாதும்மா" என்று ஒரு வயலின்காரர் சொன்னார். அடுப்படியில் மணிக்கணக்காக நிற்கும் நமக்கும் அது பொருந்தும் இல்லையா?

பணம்? அதையும் சொல்லத்தான் வேண்டும். மேடையில் நான்கு பேர் என்றாலும் சன்மானம் சமம் இல்லை. பாடகருக்கு ஒரு கவர், பக்கவாத்தியத்துக்கு அதைவிட மெல்லிய கவர், உபபக்கவாத்தியத்துக்கு இன்னும் மெல்லியது. 2020-ல் கொரோனா வந்து கோவில், கல்யாணம், சபா எல்லாம் அடைபட்டபோது இவர்கள் பாடுதான் பெரும் பாடாகப் போயிற்று. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் ஒரு மிருதங்கக்காரர், செல்போன் வழியாகக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்துத்தான் அந்த வருஷத்தைத் தள்ளினார். ஒரு சபாவின் நோட்டீஸில் பாடகர் படம் பெரிதாக இருந்தது. கீழே 'தகுந்த பக்கவாத்தியங்களுடன்' என்று ஒரே வரி. தகுந்தவர்களுக்குப் பெயர் இருக்காதா என்ன?

பெண்ணுக்கு எதற்கு மிருதங்கம்?

பெண்கள் கச்சேரி மேடையில் பெரிய இடம் பிடித்தது சுலபமாக நடந்துவிடவில்லை. மியூஸிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. அதன் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணி எம்.எஸ். சுப்புலட்சுமி. 1970-ல் டி.கே. பட்டம்மாள், 1977-ல் எம்.எல். வசந்தகுமாரி.

இவர்கள் பாடகிகள். பக்கவாத்தியம் வாசிக்கும் பெண்களின் பாதை இன்னும் கரடுமுரடு. பெண்களுக்குப் பக்கம் வாசிக்க மாட்டோம் என்று சொன்ன பெரிய வித்வான்கள் உண்டு. பாலக்காடு மணி ஐயரே வெகு காலம் அப்படித்தான் இருந்தார். பிறகு டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். அவர் மகள் பட்டம்மாள் வீட்டு மருமகள் ஆனார். இன்றைய நித்யஸ்ரீ மகாதேவன் அந்த இருவருக்கும் பேத்தி. காலம் எப்படி மாறுகிறது பாருங்கள்!

வயலினில் அ. கன்யாகுமரி, 1970களிலிருந்து எம்.எல்.வி.க்கு வாசித்துப் பெயர் பெற்றவர். அவருக்கு 2016-ல் சங்கீத கலாநிதி கிடைத்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் வயலின் கலைஞர் அவர்தான். மிருதங்கத்தில் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே மேடையேறி வழி காட்டிவிட்டுப் போனார்.

கடத்தில் சுகன்யா ராம்கோபால். சென்னையில் டி.ஆர். ஹரிஹர சர்மா நடத்திய தாளவாத்தியப் பள்ளியில் சேர்ந்தவர். பெண் குழந்தையின் விரலுக்குக் கடம் தாங்குமா என்று அவர் குரு விக்கு விநாயக்ராமுக்கே முதலில் தயக்கம் இருந்ததாம். தந்தை ஹரிஹர சர்மாதான் பொறுப்பேற்றுக் கொண்டார். பெண் கடம் வாசித்தால் தாங்கள் வாசிக்க மாட்டோம் என்ற மிருதங்கக்காரர்களையும் சுகன்யா பார்த்திருக்கிறார். அவர் விடவில்லை. பல கடங்களைச் சுருதி சேர்த்து அடுக்கி வைத்து 'கட தரங்கம்' வாசித்தார். பெண்களையே வைத்து ஒரு தாளவாத்தியக் குழுவும் அமைத்தார்.

பெரியவர்கள் கதை இருக்கட்டும். எங்கள் தெருக் கதை ஒன்று. ஒன்பது வயதுச் சிறுமி. டிபன் பாக்ஸ், பெஞ்சு, பக்கெட், எது கையில் கிடைத்தாலும் தாளம். "மிருதங்கம் கத்துக்கறேன்" என்று ஒரே பிடிவாதம். பாட்டிக்குச் சம்மதம் இல்லை. "பாட்டு கத்துக்கோ, வீணை கத்துக்கோ. பொண் குழந்தைக்கு எதுக்குடி மிருதங்கம்? கையெல்லாம் காய்ச்சுப் போயிடும்" என்று தினமும் அர்ச்சனை. குழந்தையின் அம்மா இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக் கொண்டு தவித்தாள்.

எங்கள் சபாவுக்கு ஒரு தடவை மிருதங்கம் வாசிக்க வந்தவர் இருபத்தைந்து வயதுப் பெண். நான் அந்தச் சிறுமியையும் பாட்டியையும் கச்சேரிக்கு அழைத்துப் போனேன். அன்று தனி ஆவர்த்தனம் பன்னிரண்டு நிமிஷம். பாட்டி தாளம் போட்டதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். ராத்திரி எங்கள் வீட்டில் தயிர்சாதம். குழந்தை அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் ஒட்டிக் கொண்டு உட்கார்ந்தது.

"கை வலிக்குமா அக்கா?"

"முதல் ஆறு மாசம் வலிக்கும். அப்புறம் வாசிக்காத நாள்லதான் வலிக்கும்" என்று சிரித்தாள் அவள்.

பாட்டி மெதுவாக அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். "உன் அம்மா ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

"அம்மாதான் பாட்டி பஸ்ல மிருதங்கத்தைத் தூக்கிண்டு என்னோட கிளாஸுக்கு வருவா. அவளோட நகையை வெச்சுத்தான் இந்த மிருதங்கமே வாங்கினோம்."

பாட்டி அப்புறம் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, "பாட்டு கிளாஸை விடக் கூடாது. அதுவும் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும்" என்று உத்தரவு வந்தது. இப்போது மூன்று வருஷமாகக் கற்றுக் கொள்கிறாள். அரங்கேற்றம் எல்லாம் இன்னும் ஆகவில்லை. கை காய்த்திருக்கிறது. அதைப் பாட்டியே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டுகிறார்!

நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் பாட்டி கேட்டிருக்க மாட்டார். ஒரு கலைஞரைப் பக்கத்தில் பார்த்ததும், பேசியதும் அதைச் செய்தது.

எப்படிப் பேசுவது?

பெரிய கலைஞர்கள், நம்மோடு பேசுவார்களா என்று தயங்க வேண்டாம். சிறிய சபாக்களில் இது மிகவும் சுலபம். சில யோசனைகள்:

* கச்சேரிக்குக் கிளம்பும் முன்பே எல்லோர் பெயரையும் நோட்டீஸில் பார்த்துக் கொள்ளுங்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் தேதி, பெயர், பிடித்த பாட்டு, ராகம் குறித்து வையுங்கள். அடுத்த தடவை அதே கலைஞர் வரும்போது உதவும்.

* முடிந்த உடனே மேடையில் ஏறி நெருக்காதீர்கள். வியர்த்துக் களைத்திருப்பார்கள். வாத்தியத்தை உறையில் போடும் வரை பொறுங்கள்.

* பாடகரிடம் பேசிவிட்டு அப்படியே திரும்பி விடாதீர்கள். வயலின், மிருதங்கம், கடம், தம்பூரா போட்டவர் வரை ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

* "நன்னா இருந்தது" என்பதைவிட, "அந்தத் தோடி ஆலாபனையில் நீங்கள் வாசித்தது கண்ணில் ஜலம் வந்தது" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ராகம் தெரியாவிட்டால் "மூன்றாவது பாட்டு என்ன ராகம்?" என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லுவார்கள்.

* "அவர் இதைவிட நன்றாகப் பாடுவார்" என்று வேறொருவரை ஒப்பிட்டுப் பேச வேண்டாம்.

* வாத்தியத்தைக் கேட்காமல் தொடக் கூடாது. குழந்தைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். போட்டோ எடுக்கவும் அனுமதி கேளுங்கள்.

* நோட்டீஸில் பக்கவாத்தியக்காரர் பெயர் இல்லை என்றால் சபா காரியதரிசியிடம் மரியாதையாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த நோட்டீஸில் பெயர் வரும். எங்கள் சபாவில் இப்போது எல்லோர் படமும் ஒரே அளவில் போடுகிறார்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு

"குழந்தையை வைத்துக் கொண்டு எங்கே கச்சேரி கேட்பது?" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. முடியும். சென்னையில் மார்கழி சீஸனில் பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது. பாடுபவர்களும் வாசிப்பவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள். கூட்டமும் குறைவு. மற்ற ஊர்களில் கோவில் உற்சவம், நவராத்திரி, ராமநவமிக் கச்சேரிகள் இருக்கவே இருக்கின்றன.

கடைசி வரிசையில், வாசலுக்கு அருகில், ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் மட்டும் வேண்டாம். பிஞ்சுக் காதுக்கு ஆகாது. பால் கொடுத்து, துணி மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். மொறுமொறு பிஸ்கட்டுக்குப் பதில் வாழைப்பழம் சத்தம் போடாது! குழந்தை சிணுங்கினால் பாட்டு முடியும் வரை காத்திராமல் வெளியே வந்து விடுங்கள். அரை மணி கேட்டாலும் லாபம்தான். நாலைந்து வயதுக் குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்கள்: "மேடையில எத்தனை வாத்தியம் இருக்கு? எதுக்குக் கம்பி, எதுக்குத் தோல்?" விடை கண்டுபிடிக்கும் வரை அசையாது.

யுனெஸ்கோ 2017-ல் சென்னையை இசைக்கான படைப்பாற்றல் நகரங்களில் ஒன்றாக அறிவித்தது. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தப் பெருமையில் பங்கு பாடகருக்கு மட்டுமா? ரவையை ஒட்டி உட்கார்ந்தவருக்கும், பானையை மடியில் சுமந்து வந்தவருக்கும், பின்னால் உட்கார்ந்து தம்பூராவை மீட்டியவருக்கும் உண்டு அல்லவா?

இந்த வாரம் உங்கள் ஊரில் கச்சேரி இருந்தால் போய் வாருங்கள். மறுநாள் எதிர் வீட்டு மாமி கேட்டால் நான்கு பெயரையும் சொல்லுங்கள்.